விக்கிப்பீடியாவில் திருச்சபை வரலாற்றை எழுதுவது யார், எப்படி?

கேள்வி இது: விக்கிப்பீடியாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றை யார் எழுதுகிறார்கள்? விசுவாசிகள் எழுதினால் புகழ்மாலையாகவும், பிடிக்காதவர்கள் எழுதினால் குற்றப்பத்திரிகையாகவும் ஆகிவிடாதா? எனக்கும் ஆர்வம் இருக்கிறது, எங்கிருந்து தொடங்கலாம்?

இந்தக் கட்டுரைகளில் பல வருடமாகத் தொகுத்து வருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுருக்கமான பதில் என்றால், இரண்டு தரப்பும்தான் எழுதுகிறார்கள். அதுவும் ஒரே பக்கத்தில், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி எழுதுகிறார்கள். கட்டுரை தேறுமா தேறாதா என்பது எழுதுகிறவர் கோயிலுக்குப் போகிறவரா இல்லையா என்பதில் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து "இதைச் சொல்வது யார்?" என்று கேட்டால், அதற்கான விடை அந்தப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். திருச்சபை வரலாற்றுக்கு இது மற்றத் துறைகளைவிட அதிகம் பொருந்தும். ஏனென்றால் இங்கே தேதியும் எண்ணும்கூட ஏதோ ஒரு தரப்பின் முடிவாக இருக்கும்.

முதலில் ஆட்களைப் பற்றி. விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியது. இந்தக் கட்டுரைகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் தாங்களாகவே வருகிறவர்கள். எழுதுகிறவர்களில் குருக்கள் இருக்கிறார்கள், இறையியல் மாணவர்கள் இருக்கிறார்கள், சீர்திருத்தச் சபையினரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் இருக்கிறார்கள், நம்பிக்கையை விட்டு வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள். இடைக்கால வரலாறு பிடிக்கும் என்பதற்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு, அவர்கள் செய்யும் வேலை பெரும்பாலும் மிகச் சுத்தமாக இருக்கும். இவர்கள் ஒன்றுகூடும் இடத்துக்கு விக்கித்திட்டம் என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் கத்தோலிக்கத்துக்கென்றே ஒரு விக்கித்திட்டம் இருக்கிறது. அது ஓர் அலுவலகம் இல்லை, அதற்கு அதிகாரமும் கிடையாது. இன்னின்ன கட்டுரைகள் நம் பார்வையில் இருக்க வேண்டும், இன்னின்னவை இன்னும் எழுதப்படவில்லை, இந்தப் பக்கத்தில் தகராறு நடக்கிறது, வந்து பாருங்கள் என்று தகவல் சொல்லிக்கொள்ளும் ஒரு பொதுப்பலகை, அவ்வளவுதான்.

திட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும், அதாவது தொகுப்பாளர்கள் அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கத்திலும், ஒரு பட்டை ஒட்டப்படும். அதில் இரண்டு மதிப்பீடுகள் இருக்கும். ஒன்று தரம், குறுங்கட்டுரையிலிருந்து சிறப்புக் கட்டுரை வரை. இன்னொன்று முக்கியத்துவம். 16ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் மிக முக்கியம், ஏதோ ஒரு பழைய பட்டத்து ஆயரின் (பெயரளவுக்கு மட்டும் ஒரு மறைமாவட்டம் உள்ளவரின்) பக்கம் குறைவு, இப்படிப் போகும். வெளியாட்கள் இந்த மதிப்பெண்ணைப் பெரிதாக நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது எங்கே வேலை பாக்கி இருக்கிறது என்று காட்டும் அடையாளம் மட்டும்தான். பழைய மதிப்பீடு வருடக்கணக்கில் மாறாமல் கிடக்கும், கட்டுரை அதற்குள் நன்றாகவும் ஆகியிருக்கலாம், மோசமாகவும் ஆகியிருக்கலாம்.

உண்மையான வேலை பேச்சுப் பக்கத்திலும், யார் எப்போது என்ன மாற்றினார் என்று காட்டும் பக்க வரலாற்றிலும் நடக்கிறது. ஒரு கட்டுரையை நம்பலாமா என்று என்னைக் கேட்டால், கட்டுரையைப் படிக்கும் முன் பேச்சுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்பேன். அங்கே நாலு பேர் சான்றோடு சண்டை போட்டிருந்தால் நல்லது. ஒருவருமே பேசியிருக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 752 மார்ச் மாதம் திருத்தந்தை (போப்) சக்கரியா இறந்தார். ஸ்தேவான் என்ற குரு அவருக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில நாட்களிலேயே, ஆயராகத் திருநிலைப்படுத்தப்படும் முன்பே, அவரும் இறந்துபோனார். அடுத்து வந்தவரின் பெயரும் ஸ்தேவான்தான். அந்தக் காலத்து வழக்கப்படி திருநிலைப்பாடு நடந்தால்தான் பதவி, ஆகவே இறந்தவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, தேர்தல் முடிந்த நொடியிலேயே ஒருவர் திருத்தந்தை ஆகிவிடுகிறார் என்ற சட்டக் கருத்து வலுப்பெற்றது. உடனே அந்த ஸ்தேவானும் பட்டியலில் இரண்டாம் ஸ்தேவானாக ஏறினார். அவருக்குப் பின்னால் வந்த ஸ்தேவான்கள் எல்லோரும் ஓர் எண் தள்ளிப் போனார்கள். பிறகு 1961இல் வத்திக்கானின் ஆண்டேடான அன்னுவாரியோ பொந்திஃபிசியோ அவர் பெயரை மறுபடி நீக்கியது.

விளைவு என்னவென்றால், 752க்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஸ்தேவானுக்கும் இரண்டு எண்கள். 1961க்கு முன் அச்சான புத்தகத்தில் மூன்றாம் ஸ்தேவான் என்று இருப்பவர் இன்றைய பட்டியலில் இரண்டாம் ஸ்தேவான். 1057 முதல் 1058 வரை இருந்த கடைசி ஸ்தேவான் ஒன்பதாமவர், பழைய கணக்கில் பத்தாமவர். புதிதாக வரும் தொகுப்பாளர் ஒருவர் கையில் ஒரு பழைய புத்தகத்தோடு வருகிறார், பக்கத்தில் எண் தவறு என்று நினைத்துத் திருத்துகிறார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சான்றும் வைத்திருக்கிறார். இன்னொருவர் அதை மீளமைக்கிறார், அதாவது பழையபடியே ஆக்கிவிடுகிறார். இப்படிப் பலமுறை நடந்த பிறகு இந்த மாதிரிப் பக்கங்களில் இரண்டு எண்களையும் தலைப்பருகே கொடுத்து, ஏன் இரண்டு என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டு, தொகுக்கும் பெட்டியைத் திறப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி "மாற்றும் முன் பேச்சுப் பக்கத்தைப் பாருங்கள்" என்று மறைகுறிப்பும் வைப்பார்கள். வாசகர் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒரு வரி எத்தனையோ சண்டைகளைத் தடுத்திருக்கிறது.

யோவான்களின் கதை இதைவிடச் சிக்கல். இருபதாம் யோவான் என்று ஒரு திருத்தந்தை இருந்ததே இல்லை. பழைய பட்டியல்களில் நேர்ந்த குழப்பத்தால், 1276இல் தேர்ந்தெடுக்கப்பட்ட போர்ச்சுகல்காரர் நேராக இருபத்தியொன்றாம் யோவான் ஆனார். யாராவது "விடுபட்ட" இருபதாம் யோவானுக்குப் பக்கம் தொடங்கினால், அதை நீக்குவதைவிட, ஏன் அப்படி ஒருவர் இல்லை என்று விளக்கும் பக்கமாக மாற்றுவதே நல்ல வழி. படிக்கிறவர் தேடி வருவது அந்த விளக்கத்தைத்தான்.

இனி 1378, திருச்சபையின் பெரும் பிளவு தொடங்கிய ஆண்டு. ரோமில் ஏப்ரலில் ஆறாம் உர்பான் தேர்ந்தெடுக்கப்பட்டார். சில மாதங்களில், அவரைத் தேர்ந்தெடுத்த அதே கர்தினால்கள் பலர் ஃபோந்தி நகரில் கூடி, அந்தத் தேர்தல் பயமுறுத்தலால் நடந்தது, செல்லாது என்று சொல்லி ஏழாம் கிளெமெண்ட் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞ்ஞோனில் குடியேறினார். பிரான்சும் ஸ்காட்லாந்தும் அவிஞ்ஞோன் பக்கம், இங்கிலாந்து ரோம் பக்கம். 1409இல் பீசாவில் கூடிய சங்கம் இரண்டு பேரையும் நீக்கிவிட்டதாக அறிவித்து ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தது. மற்ற இருவரும் விலகவில்லை, ஆக மூன்று பேர் ஆகிவிட்டார்கள். கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் கூடி 1417 நவம்பர் 11 அன்று ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் முடிவு வந்தது.

இந்த மூன்று வரிசையில் எது செல்லும்? இன்றைய வத்திக்கான் பட்டியல் ரோம் வரிசையை ஏற்கிறது. ஆனால் எண்களைப் பாருங்கள். 1492இல் போர்ஜியா குடும்பத்தவர் ஆறாம் அலெக்சாண்டர் என்று பெயர் வைத்துக்கொண்டார், அதாவது பீசாவின் ஐந்தாம் அலெக்சாண்டர் கணக்கில் இருக்கிறார். 1523இல் மெதிச்சி குடும்பத்தவர் ஏழாம் கிளெமெண்ட் என்று வைத்துக்கொண்டார், அதாவது அவிஞ்ஞோன் கிளெமெண்ட் கணக்கில் இல்லை. 1724இல் ஒருவர் முதலில் பதினான்காம் பெனடிக்ட் என்று அறிவித்துவிட்டு, அவிஞ்ஞோனில் கிளெமெண்டுக்கு அடுத்து வந்த பெனடிக்டைச் சேர்க்கக்கூடாது என்று எண்ணைப் பதின்மூன்றாக மாற்றிக்கொண்டார். பீசா வரிசையில் அலெக்சாண்டருக்கு அடுத்து வந்தவர் இருபத்திமூன்றாம் யோவான். 1958இல் கர்தினால் ரொங்கால்லி அதே பெயரையும் அதே எண்ணையும் எடுத்த பிறகுதான் அந்த விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. இதில் இன்னொன்றும் உண்டு. பிளவின்போது சியன்னா நகர்க் கத்தரீன் ரோம் பக்கம் நின்றார், வின்சென்ட் ஃபெரர் நீண்ட காலம் அவிஞ்ஞோன் பக்கம் நின்றார். இருவரையுமே திருச்சபை புனிதர்களாக வணங்குகிறது.

இந்த இடத்தில் கலைக்களஞ்சியம் செய்யக்கூடாத ஒரே காரியம் தீர்ப்பு சொல்வது. எந்தத் தேர்தல் செல்லும் என்று திருச்சபைச் சட்டத்தைப் படித்துத் தொகுப்பாளரே முடிவு செய்தால், அது எவ்வளவு புத்திசாலித்தனமாக இருந்தாலும் சொந்த ஆய்வு, அதற்கு இங்கே இடமில்லை. "இன்றைய வத்திக்கான் பட்டியல் இவரை எதிர்-திருத்தந்தை (செல்லாத போட்டித் திருத்தந்தை) என்கிறது, அவர் காலத்தில் இன்ன நாடுகள் அவரை ஏற்றன, வரலாற்றாசிரியர்கள் இப்படிக் கருதுகிறார்கள்" என்று மூன்றையும் தனித்தனியாக எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். விசுவாசிக்கும் அது உண்மை, விசுவாசமில்லாதவருக்கும் அது உண்மை. எண்ணிக்கையிலும் இதே முறைதான். 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ 267ஆவது திருத்தந்தை என்கிறோம். ஆனால் 11ஆம் நூற்றாண்டின் ஒன்பதாம் பெனடிக்ட் மூன்று தடவை பதவியில் இருந்தார், பட்டியல் அவரை மூன்றாக எண்ணுகிறது. ஆட்களை எண்ணினால் கணக்கு குறையும். எந்த எண்ணை எழுதினாலும் அது எந்தக் கணக்கு என்று பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து மூலங்கள். ஆங்கிலத்தில் பல திருச்சபைக் கட்டுரைகள் பிறந்ததே பழைய கலைக்களஞ்சியங்களிலிருந்துதான். 1907 முதல் 1912 வரை நியூயார்க்கில் 15 தொகுதிகளாக வந்த கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம் காப்புரிமை தீர்ந்த நூல். அதிலிருந்து பத்தி பத்தியாக எடுத்து ஆரம்ப காலத்தில் போட்டார்கள், எடுத்தோம் என்று குறிப்பும் வைத்தார்கள். சட்டப்படி சரிதான், ஒன்றுமில்லாத இடத்தில் ஏதோ இருந்ததும் நல்லதுதான். ஆனால் அந்த நூல் எழுதப்பட்டபோது வத்திக்கானைத் தனி நாடாக்கிய 1929இன் லாத்தரன் ஒப்பந்தம் இல்லை, 1960களின் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இல்லை, 1945இல் எகிப்தில் கிடைத்த நாக் ஹம்மாதிச் சுவடிகள் (பழங்காலக் கிறிஸ்தவ எழுத்துகள்) இல்லை. திருச்சபையை எதிர்த்தவர்களைப் பற்றி அது பேசும் தொனியும் ஒரு நூற்றாண்டுக்கு முந்தையது. அதே காலத்து பிரிட்டானிக்காவின் 11ஆம் பதிப்பிலிருந்து எடுத்த பத்திகளில் இதற்கு எதிரான சாய்வு இருக்கும். ஒரே கட்டுரையில் இரண்டு பத்தி அதிலிருந்தும் இரண்டு பத்தி இதிலிருந்தும் வந்திருந்தால், படிக்கிறவருக்கு நடுவிலே ஆள் மாறிப் பேசுவது போல இருக்கும். சாய்வுகள் இரண்டும் சேர்ந்தால் நடுநிலை ஆகிவிடாது. அந்தப் பத்திகளைக் களைந்து, அண்மைக் கால ஆய்வுகளை வைத்துத் திரும்ப எழுதுவதுதான் விக்கித்திட்டத்தின் மிகப் பெரிய பாக்கி வேலை என்று நான் நினைக்கிறேன். பெயர் கிடைக்காத வேலை, மெதுவாகத்தான் நடக்கும்.

மூலத்தின் ஆசிரியர் எந்த மதத்தவர் என்று பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் புதியவர்களிடம் அதிகம். பெண் திருத்தந்தை யோவான்னா என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கதை 13ஆம் நூற்றாண்டு ஏடுகளில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அது கட்டுக்கதை என்று 1647இல் விரிவாக நிறுவியவர் தாவித் பிளோந்தெல், அவர் ஒரு பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட். மறுபுறம், ரோமின் முதல் இரண்டு நூற்றாண்டு ஆயர்களின் ஆண்டுகள் உறுதியில்லாதவை என்பதையும், ஒரே ஆயர் தலைமை தாங்கும் முறை அங்கே மெல்ல மெல்லத்தான் உருவானது என்பதையும் கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள் பலரே எழுதியிருக்கிறார்கள். கான்ஸ்டன்டைன் பேரரசர் திருத்தந்தைக்கு மேற்குலகைத் தானம் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் போலி என்று 1440இல் காட்டிய லொரென்சோ வல்லா பின்னாளில் திருத்தந்தையின் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். எழுதியவர் யார் என்பதைவிட, எதை வைத்துச் சொல்கிறார், துறை அறிந்த மற்றவர்கள் ஏற்றார்களா என்பதைப் பார்த்தால் போதும்.

இரத்தம் சிந்திய பகுதிகளுக்கு வருவோம், ஏனென்றால் கேள்வியில் உள்ள சந்தேகம் முக்கியமாக இதைப் பற்றித்தான். மதக் கொள்கையிலிருந்து விலகியவர்களைத் தண்டித்த எஸ்பானிய விசாரணை மன்றம் எத்தனை பேரைக் கொன்றது என்று ஒரு வரியில் எழுதப் பார்ப்பார்கள். அதன் செயலாளராக இருந்து, பின்னால் அதை எதிர்த்து எழுதிய யோரெந்தே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 32,000 என்று கணக்குச் சொன்னார். 20ஆம் நூற்றாண்டில் மன்றத்தின் வழக்குச் சுருக்கங்களையே எண்ணிய ஆய்வாளர்கள் மிகக் குறைவான எண்ணிக்கைக்கு வந்தார்கள், மொத்தம் 3,000 முதல் 5,000 வரை என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு தரப்பு பெரிய எண்ணை மட்டும் வைக்கப் பார்க்கும், இன்னொரு தரப்பு சின்ன எண்ணை வைத்து "அவ்வளவுதானே" என்று முடிக்கப் பார்க்கும். இரண்டுமே தப்பு. எண்ணோடு சேர்ந்து காலம், இடம், எந்த ஆவணம், எது எஞ்சியிருக்கிறது என்ற விவரம் வர வேண்டும். சிறை, சித்திரவதை, சொத்துப் பறிப்பு, யூத வழிவந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பயம், இவை கொலை எண்ணிக்கைக்குள் அடங்காது. அவற்றுக்குத் தனி இடம் கொடுக்காத கட்டுரை எண்ணைச் சரியாக எழுதியும் பாதிதான் சொல்லியிருக்கிறது.

அண்மைக் கால வரலாற்றிலும் இதே கவனம் வேண்டும். குருக்களின் பாலியல் வன்கொடுமை பற்றி அமெரிக்க ஆயர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜான் ஜே கல்லூரி நடத்திய ஆய்வு 2004இல் வந்தது. 1950 முதல் 2002 வரை அமெரிக்காவில் 4,392 குருக்கள் மீது குற்றச்சாட்டு எழுந்ததாக அது சொல்கிறது. அது குற்றச்சாட்டின் எண்ணிக்கை, தண்டனையின் எண்ணிக்கை அல்ல. அமெரிக்காவுக்கு மட்டும், அந்த ஆண்டுகளுக்கு மட்டும். அதே நேரம், சொல்ல முன்வந்தவர்களின் கணக்கு மட்டும்தான் அது, எத்தனையோ பேர் வாய் திறக்கவே இல்லை. இந்த வேலிகள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பிடிக்கும். பிடிக்கட்டும். உயிரோடு இருப்பவர்கள் பெயர் வந்தால் விதி இன்னும் கடுமை. நல்ல சான்று இல்லாத குற்றச்சாட்டை யாரும் உடனே நீக்கலாம், விவாதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கலிலேயோ பக்கத்துக்கு அடிக்கடி திருத்தம் வருகிறது. அவரைச் சித்திரவதை செய்தார்கள் என்று ஒருவர் எழுதுவார், ஒன்றுமே செய்யவில்லை, வீட்டில் வசதியாக வைத்திருந்தார்கள் என்று இன்னொருவர் எழுதுவார். பதிவில் இருப்பது இதுதான்: பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்னிக்கசின் நூல் 1616இல், திருத்தப்படும்வரை நிறுத்தி வைக்கப்பட்டது. 1633 ஜூன் 22 அன்று, அதே கருத்தை ஆதரித்த கலிலேயோ முழங்காலிட்டு அதைக் கைவிடுவதாகச் சொல்ல வைக்கப்பட்டார். சித்திரவதை செய்வோம் என்ற மிரட்டல் இருந்தது, செய்ததாகப் பதிவு இல்லை. தீர்ப்பில் பத்துக் கர்தினால்களில் ஏழு பேர்தான் கையெழுத்திட்டார்கள். 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவல். "ஆனாலும் அது நகர்கிறது" என்று அவர் முணுமுணுத்ததாகச் சொல்வது அவர் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அச்சில் வருகிறது. 1992இல் இரண்டாம் யோவான் பவுல் அன்றைய இறையியலாளர்கள் தவறியதை ஒப்புக்கொண்டார். இவ்வளவையும் தேதி வாரியாக வைத்துவிட்டால் அடைமொழி எதுவும் தேவைப்படாது.

சிறு பிழைகளும் நிறைய. 1969இல் கிறிஸ்தோபரின் "புனிதர் பட்டம் பறிக்கப்பட்டது" என்று இன்னும் எழுதுகிறார்கள். அவர் நீக்கப்பட்டது உலகத் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து, புனிதர் வரிசையிலிருந்து அல்ல. 1095இல் கிளெர்மோன்தில் திருத்தந்தை இரண்டாம் உர்பான் சிலுவைப் போருக்கு அழைத்து ஆற்றிய உரையை மேற்கோள் குறிக்குள் போடுகிறார்கள். நம்மிடம் இருப்பவை பின்னால் சிலர் எழுதிவைத்த, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத வடிவங்கள். 1054இல் கிழக்கும் மேற்கும் ஒரே நாளில் பிரிந்தன என்று எழுதுகிறார்கள். அன்று கான்ஸ்டான்டிநோபிளின் திருச்சபைத் தலைவரைச் சாபமிட்ட தூதர்களை அனுப்பிய திருத்தந்தை ஒன்பதாம் லியோ அதற்குச் சில மாதம் முன்பே இறந்திருந்தார். உறவு அறுந்தது நீண்ட காலத்தில், அதில் 1204இல் சிலுவைப் போர்ப்படை கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதற்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் 1582. அந்த வருடம் புதிய கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியதால் அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. அவிலா தெரேசா இறந்தது அந்த இரவில். தேதிகளை விக்கித்தரவில் (எல்லா மொழி விக்கிப்பீடியாவும் பகிரும் தரவுத்தளத்தில்) ஏற்றுகிறவர்கள் எந்த நாள்காட்டி என்பதையும் சேர்த்துக் குறிக்காவிட்டால், தானியங்கி நிரல்கள் அதை எல்லா மொழிக்கும் தவறாகவே கொண்டு போகும்.

ஆயர்கள், மறைமாவட்டங்கள் பற்றிய பக்கங்களில் வேறு பிரச்சினை. தனிமனிதர்கள் நடத்தும் பெயர்ப்பட்டியல் இணையதளங்களையே எல்லோரும் சான்றாகக் காட்டுகிறார்கள். அவற்றைத் தொகுத்தவர்களின் உழைப்பு அசாத்தியம், ஆனால் சரிபார்க்க வேறு கண் இல்லாதவை. இடைக்கால ஆயர்களுக்கு 1898 முதல் வெளிவந்த ஊபெலின் பட்டியல் தொகுதிகள் இருக்கின்றன, 1909க்குப் பிறகான நியமனங்களுக்கு வத்திக்கானின் அதிகாரபூர்வ இதழ் இருக்கிறது. அவற்றைப் பார்த்துவிட்டு இணையதளத்தை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு பிரச்சினை, மறைமாவட்ட அலுவலகத்திலிருந்தே யாராவது வந்து ஆயரின் வாழ்க்கைக் குறிப்பை அப்படியே ஒட்டிவிடுவது. அது காப்புரிமை மீறல், தொனியும் வாழ்த்துமடல். அவர்களைத் துரத்த வேண்டியதில்லை. தாங்கள் யார் என்று சொல்லிவிட்டு, வேண்டிய திருத்தத்தைப் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் யாரேனும் பார்த்துச் சேர்ப்பார்கள். பழைய ஆண்டு விவரங்களைத் தேடித் தருவதில் அவர்களைவிட உதவியானவர்கள் இல்லை. வத்திக்கான் இணையதளத்தில் உள்ள, திருத்தந்தையர் எழுதிய சுற்றுமடல்களின் உரைக்கும் காப்புரிமை உண்டு, சுருக்கி எழுதலாம், பக்கம் பக்கமாக நகலெடுக்க முடியாது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு அடிக்குறிப்புகளும் தானாக வந்துவிடுகின்றன. அந்த நூலை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை, ஆனால் உங்கள் பக்கத்தில் அது சான்றாக நிற்கிறது. ஆங்கிலப் பக்கத்தில் அந்த வரி பிறகு தவறென்று நீக்கப்பட்டாலும் தமிழில் அப்படியே இருக்கும். இணையத்தில் கிடைக்கும் சான்றையாவது திறந்து படித்துவிட்டு, கிடைக்காத வரியை விட்டுவிடுங்கள். சின்னக் கட்டுரை போதும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை ஒட்டுவது இதைவிட ஆபத்து. இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு சான்று தரும், இல்லாத சங்கத் தீர்மானத்துக்கு எண் போடும். அதைக் கண்டுபிடிக்கப் பின்னால் வருகிற ஒருவர் மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

சரி, எங்கே தொடங்கலாம்? புதுக் கட்டுரை எழுதாதீர்கள், இப்போதைக்கு. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொதுச்சங்கத்தையோ துறவற சபையையோ எடுத்து, அந்தப் பக்கத்தில் சான்று இல்லாத ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். நூலகத்தில் ஒரு நல்ல புத்தகத்தைத் திறந்து, அந்த வரி சரியா என்று பாருங்கள். சரி என்றால் நூல் பெயர், பதிப்பு, பக்க எண்ணோடு சான்று சேருங்கள். தவறு என்றால் திருத்திவிட்டு, ஏன் திருத்தினீர்கள் என்று தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்தச் சுருக்கத்தை வெறுமையாக விடுகிறவர்களின் திருத்தம்தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகும். பிறகு அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், யார் என்ன மாற்றுகிறார்கள் என்று தெரியும்.

இப்படிப் பத்து வரி சரிபார்த்த பிறகு, விக்கித்திட்டப் பக்கத்தில் போய் "நான் இன்ன காலத்து வரலாறு படித்தவன், என்னிடம் இன்ன நூல்கள் இருக்கின்றன" என்று எழுதிவையுங்கள். கையில் நூல் வைத்திருக்கும் ஆளுக்கு அங்கே எப்போதும் தட்டுப்பாடு. 2020 மார்ச்சில், இரண்டாம் உலகப் போரின்போது திருத்தந்தையாக இருந்த பன்னிரண்டாம் பயசின் கால ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றை வைத்து இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த மொழிகளில் ஒன்று தெரிந்தால், பல பக்கங்களில் பழைய ஊகங்களுக்குப் பதில் புதிய ஆய்வுகளின் முடிவைச் சேர்க்க உங்களால் முடியும். ஆவணக் காப்பகத்தின் கடிதத்தை நீங்களே படித்து முடிவு எழுதாதீர்கள், அதைப் படித்து ஆய்வாளர் எழுதியதை எழுதுங்கள்.

உங்கள் திருத்தத்தை யாராவது மீளமைத்தால் கோபப்படாதீர்கள், உடனே திரும்பப் போடவும் போடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை விதிக்கலாம், நீங்கள் சொன்னது சரியாக இருந்தாலும்கூட. பேச்சுப் பக்கத்தில் ஒரு தலைப்பு போட்டு, நூலில் உள்ள வாக்கியத்தை எடுத்து எழுதி, உங்களை மீளமைத்தவரின் பெயரை அதில் குறிப்பிடுங்கள், அவருக்குத் தகவல் போய்விடும். ஒரு வாரம் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் திருத்தத்தைத் திரும்பச் சேர்க்கலாம். பதில் வந்து உடன்பாடு ஏற்படவில்லை என்றால் விக்கித்திட்டத்தின் பேச்சுப் பக்கத்தில் மூன்றாவது ஆளைக் கேளுங்கள். அப்படி வரும் மூன்றாவது ஆள் பெரும்பாலும் உங்கள் இருவரிடமும் இல்லாத ஒரு நூலோடுதான் வருவார்.